வரவேற்பு மேடையில் நின்றுபோன இன்ஜின்

இன்ஜின் மூன்றாவது முறையாக நின்றபோது மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுட்டுவிரலால் லேசாகத் தள்ளிவிட்டேன். முன்விளக்கு மினுக்கென்று எரிந்தது. இரண்டு முழம் ஓடியது. விக்கல் வந்ததுபோல் ஒரு குலுக்கு குலுக்கியது. விளக்கு அணைந்தது. நான்காவது முறை.

சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. மேடையில் பூ அலங்காரக்காரர்கள் ஏணி மேல் நின்று ரோஜாக்களைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மாலை நான்கு மணி தாண்டியிருக்கும். ஆறரைக்கு வரவேற்பு.

மேற்குத் தாம்பரத்தில், பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மண்டபம் அது. என் அக்கா சுமதியின் மகள் நிவேதாவுக்கு மறுநாள் காலை கல்யாணம். மேடைக்கு முன்னால் வரிசையாக மேஜைகளைப் போட்டு, பச்சைத் துணி விரித்து, அதன் மேல் நீள்வட்டமாகத் தண்டவாளம் பதித்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது அவர்கள் காலடியில் ரயில் ஓட வேண்டும். அது நிவேதாவின் ஆசை. ஓட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

இந்தத் தொடரில் இதுவரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தைப் பற்றியே எழுதிவந்திருக்கிறேன். குரோம்பேட்டையில் ஊசியும் குப்பியுமாகக் கழிந்த என் வருடங்களைப் படித்துவிட்டு, “வேலை நேரம் போக வீட்டில் என்னதான் செய்வீர்கள்?” என்று கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ரயில் ஓட்டுவேன் அம்மா. அதுதான் பதில்.

கட்டில் போடாத அறை

அஸ்தினாபுரத்தில் என் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நான் படுக்கிறேன். இன்னொன்றில் கட்டில் கிடையாது. அறை முழுக்க ஒரு பிளைவுட் மேஜை, அதன் மேல் ஒரு ஊர்.

ஊர் என்றால் பெரிய ஊரில்லை. ஒரு ஸ்டேஷன், இரண்டு பிளாட்ஃபாரம், ஒரு லெவல் கிராசிங், அதன் பக்கத்தில் டீக்கடை. டீக்கடையின் கூரை, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் சேருவதற்காக நின்றுகொண்டிருக்கும். பல வருடங்களாக அதில் ஆள் சேரவில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லும்படியான கதை எதுவும் இல்லை. பெங்களூரில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் ஹாலில் ஒரு சின்ன ரயிலை ஓட்டிக் காட்டினார். உள்ளங்கை அளவு இன்ஜின், நான்கு பெட்டிகள். சோஃபா காலைச் சுற்றி வளைந்து வந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேனாம், சிநேகிதி இன்றைக்கும் சொல்வாள்.

அப்போது எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இனிமேலும் இல்லை என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்ட சமயம். உறவுக்காரர்கள் என்னைக் கோயில் குளம் போகச் சொன்னார்கள். நான் தண்டவாளம் வாங்கினேன்.

முதல் இன்ஜின் வந்த இரண்டாவது மாதமே படுத்துவிட்டது. முனகியது, சூடானது, நகரவில்லை. மூன்று நாள் என்னென்னவோ பண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியில் கவிழ்த்துப்போட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால், பின் அச்சில் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. என் தலைமுடி. அன்றிலிருந்து ரயில் ஓட்டும்போது கொண்டை போட்டுக்கொள்வேன்.

மஞ்சள், இரட்டை மஞ்சள்

அந்த அறையைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் நிவேதா.

அவள் ரயிலில் உதவி ஓட்டுநர். தேர்வு எழுதி, தேறி, பயிற்சிக்குப் போய் வந்தவள். அக்கா ஒரு வாரம் அழுதாள். பெண் பிள்ளை ராத்திரி பகல் பார்க்காமல் இன்ஜினில் போவதா என்று. நிவேதா அந்த ஒரு வாரமும் என் வீட்டில் வந்து தங்கினாள்.

சிக்னல் பாடம் படிக்க என் மேஜை அவளுக்கு வசதியாக இருந்தது. நான் பட்டனை அமுக்கி விளக்கை மாற்றுவேன். அவள் நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்வாள். “மஞ்சள். எச்சரிக்கையோட போ, அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா இரு.” “இரட்டை மஞ்சள்.” “பச்சை.” கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மாடியேறி வந்து, யாருக்கு உத்தரவு போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, தான் ஏறின இன்ஜினைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாள். வெள்ளை உடம்பு, சிவப்புப் பட்டை. அதே நிறத்தில் எனக்கு ஒன்று வேண்டும் என்றாள். என்னிடம் இருந்த இன்ஜின்களில் நல்லதைப் பிரித்து, பழைய வண்ணத்தைச் சுரண்டி, ஒரு மாதம் உட்கார்ந்து பூசினேன். இன்ஜின் நம்பரை எழுத, பூனை மயிர்த் தூரிகை. மூச்சை அடக்கிக்கொண்டு எழுதினேன்.

மண்டபத்தில் நின்றுபோனது அந்த இன்ஜின்தான்.

அக்காவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. பத்திரிகை அடிக்கக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள். “மாப்ள வீட்டுக்காரங்க செங்கல்பட்டுலேர்ந்து ரெண்டு பஸ் நெறைய வராங்க ஜெயந்தி. அம்பது வயசுல என் தங்கச்சி பொம்மை ரயில் வச்சு விளையாடறான்னு நானே மேடை போட்டுக் காட்டணுமா?”

அது குத்தியது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நிவேதா பிடித்த பிடியை விடவில்லை. மாப்பிள்ளை சரவணன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், “ரயில் ஓடட்டும் அத்தை, எனக்கும் பாக்கணும்” என்று அக்காவிடமே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா தடுக்கவில்லை.

ஆக, ஓடித்தான் ஆக வேண்டும்.

பஞ்சு கறுத்தது

நான் பரிசோதனைக் கூடத்துக்காரி. எதைப் பார்த்தாலும் முதலில் அழுக்கு என்றுதான் புத்தி போகும். இந்த இன்ஜின் தண்டவாளத்திலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது. சக்கரம் வழியாக ஏறி, மோட்டாருக்குப் போகிறது. நடுவில் ஒரு நூலளவு பிசுக்கு இருந்தாலும் போதும், விக்கும்.

கைப்பையில் ஸ்பிரிட் பஞ்சு இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. இன்ஜினைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. சந்தோஷமாக இருந்தது. அழுக்கு கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வைத்தேன். ஒரு சுற்று நன்றாக வந்தது. இரண்டாவது சுற்றில் மறுபடி விக்கல்.

அப்போது என் முழங்கால் வரைக்கும் வெள்ளையாகப் புகை வந்து சூழ்ந்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். மேடை ஓரத்தில் லைட் செட்காரர் தாஸ் ஒரு கறுப்புப் பெட்டியின் பட்டனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்மலில் கடை வைத்திருப்பவர். ஒல்லியாக, கழுத்தில் ஒயர் சுற்றிக்கொண்டு, மத்தியானத்திலிருந்து ஓயாமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

“இன்னாக்கா, வண்டி படுத்துக்கிச்சா?”

“தாஸ், இந்தப் புகை எதுலேர்ந்து வருது?”

“அதுக்குன்னு ஒரு தண்ணி கீதுக்கா. உள்ள ஊத்தி சூடு பண்ணா பொகையா வரும். பொண்ணு மாப்ள வரசொல்ல மேகத்துல நடக்கற மாரி இருக்கும்.”

“மத்தியானத்துலேர்ந்து எத்தனை தடவை விட்டீங்க?”

“நாலு அஞ்சு வாட்டி டெஸ்ட் பண்ணேன்.”

தண்டவாளத்தில் விரலை வைத்து இழுத்தேன். வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். லேசான தித்திப்பு வாசனை.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். புகையில் இருந்த பசை தண்டவாளம் முழுக்கப் படிந்திருக்கிறது, அதுதான் சக்கரத்தில் ஏறி ஏறிக் கறுப்பாகிறது. தாஸிடம் சொன்னதும் அவர் பெட்டியை அணைத்துவிட்டுத் தானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீள்வட்டம் முழுவதையும் துடைத்து எதிரெதிரே வந்து சேர்ந்தோம்.

இன்ஜினை வைத்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கண்ட்ரோலரைத் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. ஒரு சுற்று. இரண்டு. பூ அலங்காரக்காரர்கள் ஏணியிலிருந்து கை தட்டினார்கள். தாஸ், “அக்கா, சூப்பர்க்கா” என்றார்.

மூன்றாவது சுற்றில், இடதுபுற வளைவில், விளக்கு அணைந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். தலையில் கனகாம்பரம், கையில் சாவிக் கொத்து, முகத்தில் பகல் முழுக்க ஓடிய களைப்பு.

“எடுத்து வச்சிடு ஜெயந்தி. அந்த மேஜைல பழத் தட்டு அடுக்கிடலாம். ஆளுங்க வர நேரமாச்சு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன்மையாகச் சொன்னாள். அது இன்னும் மோசம். நான் கண்ட்ரோலரின் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

லைனா, லோகோவா

“சித்தி, ஒயரைத் தொடாதீங்க.”

மணமகள் அறையின் கதவைத் திறந்துகொண்டு நிவேதா நின்றிருந்தாள். அரக்கு நிறப் பட்டு, நெற்றிச் சுட்டி, பாதிப் பின்னலில் பூ, மீதிப் பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே மேக்கப் செய்கிற பெண் கையில் ஹேர் பின்னோடு ஓடி வந்தாள்.

தாஸ் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“எத்தனை தடவை நின்னுது?”

“ஆறு ஏழு இருக்கும்.”

“நிக்கறப்ப லைட் எரியுதா, அணைஞ்சிடுதா?”

“அணைஞ்சிடுது.”

“எப்பவும் வளைவுலதானா?”

யோசித்தேன். “துடைச்சதுக்கு அப்புறம் வளைவுல மட்டும்.”

அவள் கண்கள் மாறிவிட்டன. கல்யாணப் பெண்ணின் கண்கள் இல்லை அவை. விளக்கு எரிந்துகொண்டே வண்டி நின்றால் மோட்டாரோ பல்சக்கரமோ எங்கோ சிக்கியிருக்கிறது. விளக்கும் சேர்ந்து அணைந்தால் கரண்டே உள்ளே போகவில்லை. நான் ஒரு மணி நேரம் பார்த்தும் யோசிக்காததை அவள் மூன்று கேள்வியில் பிரித்துவிட்டாள்.

“எங்க வேலைல முதல்ல இதத்தான் பாப்போம் சித்தி. கோளாறு லைன்லயா, லோகோவுலயா. அது தெரியாம எதையும் கழட்டக் கூடாது. இன்னொரு இன்ஜின் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?”

அலங்காரத்துக்காக ஸ்டேஷன் பக்கத்தில் நிறுத்தியிருந்த பழைய டீசல் இன்ஜின் இருந்தது. எடுத்து வைத்தேன். இடது வளைவு வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அது எந்தக் கவலையும் இல்லாமல் கடகடவென்று தாண்டிப் போனது. இன்னொரு சுற்று. மறுபடியும் தாண்டியது.

“லைன் சரியா இருக்கு. லோகோ ஃபெயில்” என்றாள் நிவேதா. இன்ஜின் பழுது என்பது அவர்கள் வேலையில் கெட்ட வார்த்தை. ஆனால் அவள் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

“நிவி, அந்த டீசலையே ஓட்டிடலாமே” என்றேன்.

“அது நான் ஏறின வண்டி இல்ல சித்தி.”

அக்கா, “மணி அஞ்சரை ஆகப்போகுதுடி” என்றாள்.

“கால் மணி நேரம் குடும்மா.” சொல்லிவிட்டு இன்ஜினைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். கண்ட்ரோலரைக் கழற்றி எடுத்துக்கொண்டு நானும் தாஸும் பின்னால் போனோம்.

தலையணை மேல் ஆபரேஷன்

மணமகள் அறையில் பாய் விரித்து, தலையணை ஒன்றைப் போட்டு, இன்ஜினை அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தோம். சக்கரங்கள் மேலே பார்த்தன. நிவேதா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பட்டுப் புடவை அவளைச் சுற்றிக் குடை மாதிரி விரிந்தது. மேக்கப் செய்கிற பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, நிவேதாவின் பின்னலை விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தாள்.

கண்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து, முன்பக்கச் சக்கரங்களில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று வைத்தேன். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று சுற்றியது. விளக்கு பிரகாசமாக எரிந்தது.

பின்பக்கச் சக்கரங்களில் வைத்தேன். சத்தமே இல்லை.

“இடது ஒயரை அங்கேயே வச்சிட்டு, வலதை மட்டும் முன்னால கொண்டு போங்க.”

கொண்டு போனேன். சுற்றியது.

“பின்னால வலது பக்கம்தான்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எல்லாம் விளங்கிவிட்டது. பின்பக்கம் வலதில் கரண்ட் எடுப்பதே இல்லை. முன்பக்கம் மட்டும் தனியாளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நேர்பாதையில் அது சமாளித்துவிடும். இடது வளைவில் இரண்டு மேஜைகள் சேரும் இடத்தில் தண்டவாளம் மயிரிழை மேடாக இருக்கும், அங்கே முன்சக்கரம் ஒரு கணம் தூக்கும். அந்த ஒரு கணம் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஆளில்லை. பழைய டீசலில் நான்கு பக்கமும் சரியாக இருந்ததால் அது தாண்டிவிட்டது.

நான்கு திருகாணிகளைக் கழற்றி அடி மூடியைத் தூக்கினேன். சக்கரத்தின் முதுகில் உரசுகிற செப்புத் தகடு நன்றாகத்தான் இருந்தது. அதிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரை ட்வீசரால் தொட்டேன். தொட்டதும் சாய்ந்தது. பற்றவைத்திருந்த ஈயம் விட்டுப்போய், ஒயர் தகட்டின் மேல் சும்மா படுத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் ஓடியது எப்படி என்றும் புரிந்தது. அதுவரை உரசிக்கொண்டாவது இருந்திருக்கிறது. அன்று காலை அஸ்தினாபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். வழி நெடுக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெட்டியை மடியில்தான் வைத்திருந்தேன், ஆனால் என் மடியே ஆட்டோவின் கூரைக்கும் சீட்டுக்குமாகப் போய் வந்தது.

“ஈயம் வைக்கணும்” என்றேன். “என் சால்டரிங் கம்பி வீட்ல இருக்கு.”

தாஸ் எழுந்து ஓடினார். ஒரு நிமிஷத்தில் வந்தார். கையில் இருந்ததைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. ஸ்பீக்கர் ஒயர் பற்றவைக்கிற சாமான். நுனி என் சுண்டுவிரல் பருமன்.

“இத்த அப்டியே வச்சா பிளாஸ்டிக்கு உருகிடும்கா. ஒரு வேலை பண்லாம்.” கழுத்து ஒயரிலிருந்து ஒரு துண்டை வெட்டி, தோலை உரித்து, உள்ளே இருந்த செப்புக் கம்பியை அந்தத் தடித்த நுனியில் இறுக்கமாகச் சுற்றினார். முனையை மட்டும் ஊசி மாதிரி நீட்டி விட்டார். “இப்ப இதான் நுனி. சூடு இதுல எறங்கும். நீ புடி.”

“நீங்களே வைங்க தாஸ்.”

“என் கைக்கு இது ரொம்பச் சின்ன வேலைக்கா. நீ பச்சக் கொயந்தைக்கு ஊசி போடற ஆளாமே, நிவேதா பாப்பா சொல்லிச்சு.”

பிறந்து இரண்டு நாளான குழந்தைக்கு நரம்பு கண்டுபிடித்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் கை நடுங்கியதில்லை. அன்று நடுங்கியது. கம்பி முனையிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. நிவேதா, மேக்கப் பெண்ணின் புருவ ட்வீசரால் ஒயரைத் தகட்டின் மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். மருதாணிக் கை கொஞ்சமும் அசையவில்லை. என் கைதான்.

“சித்தி, குழந்தைக்கு ஊசி போடறப்ப என்ன பண்ணுவீங்க?”

“ஏதாவது பேசிக்கிட்டே போடுவேன்.”

“அப்ப பேசுங்க.”

“மாப்பிள்ளை காலைல என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டேன்.

“எட்டு இட்லி. போன்ல எண்ணிச் சொன்னார். கணக்கு வாத்தியார்.”

தாஸ் சிரித்தார். நான் சிரித்தேன். சிரிப்பு அடங்குகிற இடைவெளியில் கம்பி முனையை வைத்தேன். ஈயம் மினுங்கியது, உருகியது, ஒயரைக் கவ்வியது. எடுத்துவிட்டேன். நிவேதா ஊதினாள்.

ஒயர்களைப் பின்பக்கச் சக்கரங்களில் வைத்தேன்.

சுற்றியது. முழு வேகத்தில், எந்த விக்கலும் இல்லாமல். விளக்கு எரிந்த எரிப்பில் தலையணை உறையில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். நிவேதா கடித்துக்கொள்ளவில்லை.

அசையக் கூடாது

மூடியைப் பொருத்தினேன். முதல் திருகாணி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை ட்வீசரால் எடுக்கும்போது அது துள்ளியது.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. எங்கே விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கவில்லை. தரையில் விழவில்லை.

“புடவைல” என்றாள் நிவேதா, உதடு மட்டும் அசைய. “யாரும் அசையாதீங்க.”

மூன்று திருகாணியோடும் மூடி நிற்கும். ஆனால் ஓட்டத்தில் ஒரு பக்கம் தொங்கி, தண்டவாளத்தில் இடித்தால் வண்டியே கவிழும். தாஸ் போன் வெளிச்சம் பிடித்தார். அரக்குப் பட்டில் சரிகைப் புள்ளிகள் ஆயிரம் மின்னின. எது புள்ளி, எது திருகாணி என்று தெரியவில்லை. என் வாசிப்புக் கண்ணாடி வழியாக எல்லாமே திருகாணியாகத் தெரிந்தது.

கதவு திறந்தது. அக்கா.

“மணி ஆறரை. மாப்ள மேடைக்குப் போயிட்டார். தனியா நிக்கிறார். அவங்க அம்மா, பொண்ணு எங்க பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. நீ இங்க சம்மணம் போட்டு உக்காந்திருக்க. எழுந்திரு.”

“எழுந்திருக்க முடியாதும்மா. எழுந்தா ஸ்க்ரூ விழுந்துடும்.”

“என்ன ஸ்க்ரூ?”

நான் சொன்னேன். ஒயர் விட்டுப்போனது, பற்றவைத்தது, ஓடியது, இது ஒன்றுதான் பாக்கி என்று. சொல்லும்போதே என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. கெஞ்சுவது போலவும் இல்லை, மன்னிப்புக் கேட்பது போலவும் இல்லை. அவசரமாக, சந்தோஷமாக இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு பெண்ணைப் பார்த்தாள். சாவிக் கொத்தை என்னிடம் நீட்டினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டாள்.

“வெளிச்சத்தை மேலேர்ந்து காட்டாதீங்க தம்பி” என்றாள் தாஸிடம். “தரையோட தரையா வச்சுக் காட்டுங்க. சரிகை மேலாப்புல மின்னும். ஸ்க்ரூவா இருந்தா நிழல் விழும்.”

தாஸ் போனைப் பாயில் வைத்துச் சாய்த்தார். அக்கா குனிந்தாள். கொசுவத்தின் முதல் மடிப்பை விரலால் பிரித்தாள், இரண்டாவது, மூன்றாவது. தையல் வகுப்பு நடத்திய அந்தக் காலத்து அக்கா எனக்கு ஞாபகத்துக்கு வந்தாள். தன் கல்யாணத்துக்கு முன்னால் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கச் சொல்லிக்கொடுத்தவள், கீழே விழுந்த கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள்.

ஐந்தாவது மடிப்பில் கையை நிறுத்தினாள். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மடிப்புக்குள் விட்டு எடுத்தாள். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இந்தா. இதுக்கா இவ்வளவு நேரம்?”

நான் அதை முடுக்கி முடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. நிவேதா எழுந்து நின்று புடவையை உதறிச் சரிசெய்தாள். மேக்கப் பெண் கடைசிப் பின்னைக் குத்தினாள்.

பச்சை

புகை இல்லாமல்தான் வந்தாள் நிவேதா. தாஸ் மெஷினை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டார். பதிலாக, மண்டபத்தின் பெரிய விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்து, மேடைக்கும் என் மேஜைக்கும் மட்டும் வெளிச்சம் விட்டார்.

நான் கண்ட்ரோலரைத் திருப்பினேன்.

வெள்ளை இன்ஜின் ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. இடது வளைவு வந்தது. முன்சக்கரம் இணைப்பில் ஏறியது. விளக்கு அணையவில்லை. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து, மேடையில் நின்ற இருவரின் காலடியில் நேராகப் போயின.

மண்டபத்தில் பின்வரிசை வரை எழுந்து நின்றுவிட்டார்கள். செங்கல்பட்டு பஸ்களில் வந்தவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், இதை ஓட்டுவது யார் என்று கேட்டார். நான் என்றேன். “நீங்களா?” என்று இன்னொரு முறை கேட்டார். ஆமாம், நான்தான் என்று இன்னொரு முறை சொன்னேன். சரவணன் மேடையிலிருந்து குனிந்து சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அம்மா போனை எடுத்து வீடியோ பிடித்து, ஊரில் இருக்கிற யாருக்கோ, “மருமக ஓட்டற வண்டி இது மாதிரிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அதைத் தவிர வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏழரை மணிக்கு மேல் மேடையிலிருந்து என்னைப் போட்டோவுக்கு அழைத்தார்கள். நான் கண்ட்ரோலரை விட்டு எப்படிப் போவேன்? பக்கத்தில் நின்றிருந்த அக்கா, “குடு, நான் பாத்துக்கறேன். நீ போய் நின்னுட்டு வா” என்றாள். குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் வேகம், எந்தப் பக்கம் திருப்பினால் நிற்கும் என்று காட்டினேன். ஒரு முறைதான் காட்டினேன்.

போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா தரவில்லை.

அத்தான் வந்து அக்காவைக் கூப்பிட்டார், சம்பந்தி அம்மா சாப்பிட உட்காரப் போகிறார்கள், நீ வந்து உபசரிக்க வேண்டாமா என்று. “நீங்க உக்கார வைங்க, வண்டி ஸ்டேஷனுக்கு வரட்டும்” என்றாள். ஸ்டேஷன் வந்தது. நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி எடுத்தாள். அத்தான் இரண்டாவது முறை வந்தபோது அவரிடம், தண்டவாளத்துக்குக் குறுக்கே கை வைக்க வேண்டாம் என்று சொன்னாள்.

கடைசியில் நிவேதாவே மேடையின் ஓரத்துக்கு வந்து குனிந்தாள். கழுத்து மாலை மேஜை மேல் உரசாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வளைவுல வேகத்தைக் கொஞ்சம் குறை.”

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“எனக்குத் தெரியும். நீ போய் மாப்ள பக்கத்துல நில்லு.”